சரித்திரக் கதை வல்லார் கல்கி

மாண்டவர் தமக்காக வழக்காட வருவதில்லை. ஆதலின், சென்ற காலத்து மாந்தரைக் கதையில் உலாவவிடும் எழுத்தாளன், ஏனைக் கதையாசிரியர்க்கு இல்லாத ஒரு கடமையைத் தன் தோள்மேல் ஏற்கின்றான். குதிரைகள் பாயலாம், வாள்கள் மின்னலாம், சுரங்க வழிகள் திறக்கலாம், படிப்போர் நெஞ்சு படபடக்கலாம். ஆயினும், ஒரு காலத்தில் மெய்யாகவே வாழ்ந்து மறைந்த ஒருவர்மீது செய்யாத பழியை அவன் ஏற்றுவானாயின், அஃது இறந்தோர்க்கு விரோதமான பொய்ச்சாட்சியே ஆகும். வீரச் செயல்கள் நிறைந்த சரித்திரக் கதைகளால் தமிழ்நாட்டார் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் இக்கடமையை எங்ஙனம் உணர்ந்தார், எங்ஙனம் ஆற்றினார் என்பதை, அவர்தம் வாழ்க்கையோடு சேர்த்து நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அந்நாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மாயூரத்தை அடுத்த மணல்மேட்டின் அருகே புத்தமங்கலம் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தையார் ராமசுவாமி ஐயர் கிராமக் கணக்கர். தாயார் தையல்நாயகி அம்மாள். செல்வக் குடும்பம் அன்று. காவிரி பாயும் வளநாட்டில் பிறந்தமையால், ஆறும் வாய்க்காலும் ஓடமும் புதுவெள்ளமும் இளமை முதலே அவர் கண்ணிலும் கருத்திலும் நிறைந்திருந்தன. பிற்காலத்தில் அவர் எழுதிய கதைகளில் காவிரி ஒரு கதைமாந்தர் போலவே நடமாடுவதன் காரணம் இதுவே எனலாம். அதே மாயூரத்தில்தான், தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை முன்னர் முன்சீபாக அமர்ந்திருந்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஊர்ப்பள்ளியிலும் மாயூரத்திலும் பயின்றபின், திருச்சிராப்பள்ளி தேசீய உயர்நிலைப் பள்ளியில் அவர் சேர்ந்தார். படிப்பில் வல்லவர்; பள்ளியிறுதித் தேர்வு நெருங்கியிருந்தது. அவ்வேளையில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிற்று. 1921-ஆம் ஆண்டில், தேர்வெழுதுமுன்னரே பள்ளியை விட்டு வெளியேறினார். அப்பொழுது அவருக்கு வயது 21. ஏறத்தாழ நம்மையொத்த பருவம். பட்டமோ பதவியோ இனி வாராது என்பதை நன்கறிந்தே இதனைச் செய்தார். மறு ஆண்டு ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தம் வாழ்நாளில் அவர் சிறை சென்றது மும்முறை. வீரரைப் பற்றி எழுதியவர் தாமே இழப்புக்கும் அச்சத்துக்கும் முகங்கொடுத்தவர் என்பதை நாம் மறத்தலாகாது.

1923-இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய நவசக்தி இதழில் துணையாசிரியராக அமர்ந்தார். தமிழ் உரைநடைக்கு எளிமையும் இனிமையும் எங்ஙனம் ஒருங்கே வாய்க்கும் என்பதை அங்கே கண்டார். காந்தியடிகளின் சுயசரிதத்தைத் தமிழாக்கித் தந்ததும் அக்காலத்தேயாம். சாரதையின் தந்திரம் என்னும் அவரது முதல் நூல் 1927-இல் வெளிவந்தது. 1928-இல் நவசக்தியினின்று விலகியபின், திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு தங்கி, மதுவிலக்குக்கெனத் தோன்றிய விமோசனம் என்னும் இதழில் உழைத்தார். கள்ளுக்கடையால் குடிமுழுகும் ஏழை உழவனைக் கதை கேட்கச் செய்யவேண்டுமாயின், கதை தெளிவாகவும் விரைவாகவும் நடக்கவேண்டும். அலங்காரச் சொற்கள் ஆங்குப் பயன்படா. இப்பயிற்சி பின்னாளில் அவர்க்குப் பெருந்துணையாயிற்று.

இதற்கிடையில், எஸ். எஸ். வாசன் அவர்களின் ஆனந்த விகடனில் ஏட்டிக்குப் போட்டி என்னும் நகைச்சுவைக் கட்டுரையால் 1928-இலேயே அவர் பெயர் பரவத் தொடங்கியிருந்தது. 1930-களின் தொடக்கத்தில் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, 1941 வரை அதனை வளர்த்தார். கர்நாடகம் என்னும் புனைபெயரில் இசைக்கும் நாடகத்துக்கும் கூறிய மதிப்புரைகளைக் கலைஞர் அஞ்சினர். இரசிகர் தேடிப் படித்தனர். கள்வனின் காதலி, தியாக பூமி முதலிய தொடர்கதைகள் அக்காலத்தன. 1941-இல் விகடனை விட்டு, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மீண்டும் சிறைசென்றார். வெளிவந்தபின் நண்பர் டி. சதாசிவம் அவர்களோடு கூடித் தம் புனைபெயரையே சூட்டிக் கல்கி என்னும் இதழை அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கினார். அதற்குப் பொருள் திரட்டும் பொருட்டே எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் சாவித்திரி என்னும் படத்தில் நாரதராக நடித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பாரதியார்க்கு எட்டயபுரத்தில் நினைவு மண்டபம் எழுப்பும் பணியிலும் கல்கி முன்னின்று உழைத்தார். அம்மண்டபம் 1947-இல் திறக்கப்பெற்றது.

இனி, அவர்தம் சரித்திரக் கதைகளைக் காண்போம். இத்துறையில் உலகுக்கு வழிகாட்டியவர் ஸ்காத்லாந்து நாட்டு வால்ட்டர் ஸ்காட். அவரது வேவர்லி 1814-இல் ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. பிரான்சு நாட்டில் டூமா, மூன்று போர்வீரர் கதையை 1844-இல் எழுதி, வாளும் நட்பும் நகைச்சுவையும் கலந்த புதுச்சுவையைப் படைத்தார். வங்கத்தில் பங்கிம் சந்திரர் ஆனந்த மடத்தை 1882-இல் நூலாக வெளியிட்டார். தமிழிலோ, திரிகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை நாயக்கர் காலத்தை நிலைக்களனாகக் கொண்டு 1895-இல் மோகனாங்கியை வெளியிட்டார். ஆயினும், தமிழரசர் வாழ்வு பட்டிதொட்டியெல்லாம் பேசப்படும் பொருளாயது கல்கிக்குப் பின்னரே. கல்லூரிகளில் வரலாற்றுப் பேராசிரியரும் மாணாக்கரும் மட்டுமே அறிந்திருந்த பெயர்களை அவர் அடுக்களைக்கும் திண்ணைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்.

முதலிற் பிறந்தது பார்த்திபன் கனவு. 1941 முதல் 1943 வரை அது தொடர்ந்து வெளிவந்தது. நாடிழந்த சோழன் ஒருவன் தன் மகனிடம் விட்டுச்செல்லும் கனவே அதன் பொருள். அயலாட்சியில் நாடு வாடிய நாளில், அக்கதையைப் படித்தோர் எதனை நினைந்து உருகினர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அடுத்தது சிவகாமியின் சபதம். 1944 முதல் 1946 வரை வந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அவர்களோடு கழித்த ஒரு நிலவிரவே இக்கதைக்கு வித்திட்டது. மகேந்திரவர்மன், அவன் மகன் மாமல்லன், சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி ஆகியோர் மெய்யாக வாழ்ந்தவர். 642-ஆம் ஆண்டளவில் பல்லவர் வாதாபியை வென்றதும் மெய். வாதாபிப் பாறையில் மாமல்லனின் கல்வெட்டு இன்றும் சிதைந்த நிலையில் உள்ளது. படைத்தலைவர் பரஞ்சோதியே சிறுத்தொண்டராயினார் என்பது பெரிய புராணத்தால் அறியப்படும். சிற்பி ஆயனரும் நடனநங்கை சிவகாமியும் ஆசிரியர் கற்பனை. மதங்கொண்ட யானைமேல் வேலெறிந்து சிவகாமியைக் காக்கும் பரஞ்சோதியைக் கண்ட பின்னர்க் கதையைக் கீழே வைத்தல் எவர்க்கும் அரிது.

மூன்றாவதும் முடிமணியுமாயது பொன்னியின் செல்வன். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் மணியம் அவர்களின் சித்திரங்களோடு வெளிவந்தது. ஐந்து பாகங்களாக விரிந்தது. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும், சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும் அவர்க்குத் துணைநின்றன. கதை நிகழும் இடங்களை நேரிற் காணவேண்டி மணியத்தோடு இலங்கைக்கும் சென்றார். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரைமேல் குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு நாமும் பயணம் தொடங்குகின்றோம். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதியாலோசனையை ஒட்டுக்கேட்கின்றோம்; கோடிக்கரையில் பூங்குழலியின் படகிலேறிக் கடல் கடக்கின்றோம். இவ்வந்தியத்தேவனைப் பற்றிக் கல்வெட்டு நமக்குத் தருவன பெயரும், அவன் குந்தவைப் பிராட்டியின் கணவன் என்ற செய்தியும் போன்ற சிலவே. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அச்சிறு குறிப்பினின்று, பொய் சொல்லி மாட்டிக்கொள்வதும் உயிரைப் பணயம் வைத்துப் பிழைப்பதுமான ஓர் இளைஞனை ஆசிரியர் எழுப்பிவிட்டார்.

வாரத் தொடர்கதை எழுதுதல் விளையாட்டன்று. அச்சுக்கூடம் காத்திருக்கும்; சித்திரக்காரர் காத்திருப்பார்; ஏழு நாள்களுக்கு முன் படித்ததை மறந்த வாசகர்க்கு அதனை நினைவூட்டவும் வேண்டும்; அடுத்த ஏழு நாள்கள் அவரை ஆவலோடு காத்திருக்கச் செய்யவும் வேண்டும். அத்தியாயத்தின் முடிவில் கதவு திறக்கும்; யார் வருகின்றார் என்பது அடுத்த வாரந்தான் தெரியும். இவ்வுத்தியைக் கல்கி அளவறிந்து கையாண்டார். இதழின் விற்பனை 70,000 படிகளைக் கடந்ததென்பர். அக்காலத்தில் அஃது எளிய தொகையன்று. எனினும், ஆவலைத் தூண்டுதல் மட்டுமே நோக்கமாயிருப்பின், இத்துணை ஆண்டுகள் கழிந்தும் அக்கதைகள் நில்லா. அவற்றை நிலைநிறுத்துவது, முதலில் நாம் குறித்த நீதியுணர்வே என்பது நம் துணிபு. அதனைச் சிறிது விளக்குவோம்.

சுந்தர சோழரின் மூத்த புதல்வன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். அவன் பாண்டியன் தலை கொண்டவன். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உளது. சோமன், இரவிதாசன், பரமேச்சுவரன் என்னும் உடன்பிறந்தாரும் அவர்தம் சுற்றத்தாரும் இக்கொலைத் துரோகத்துக்காக நிலம் இழக்க வேண்டுமென அஃது ஆணையிடுகின்றது. ஏவியவர் யார் என்பதனைக் கல் கூறவில்லை. பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழர்க்கு இதில் பங்குண்டோ என நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். இல்லை எனப் பண்டாரத்தார் மறுத்தார். வீரச்சுவை தேடும் கதையாசிரியன் ஒருவனுக்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறுண்டோ? உத்தம சோழரைக் கொடியவராகத் தீட்டிவிட்டாற் கதை எளிதில் முடியும். எதிர்த்துப் பேச அவர் வரப்போவதில்லை.

கல்கி அங்ஙனம் செய்திலர். பழிவாங்கும் வெறியை, வரலாற்றில் இல்லாத நந்தினி என்னும் பெண்ணின் உள்ளத்தில் வைத்தார். சதிகாரரில் கல்வெட்டுக் கூறும் இரவிதாசனைச் சதிகாரனாகவே நிறுத்தினார். கொலை நிகழும் வேளையில் விளக்கை அணைத்துவிட்டார். எக்கை வாளை வீசிற்று என்பது இருளிலேயே நின்றுவிடுகின்றது. பேராசை கொண்ட மதுராந்தகனை வேறொருவனாக்கி, மெய்யான உத்தம சோழரைப் பழியினின்று முற்றும் விடுவித்தார். அருள்மொழிவர்மன் தனக்கு வந்த முடியைச் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுத்தான் என்னும் திருவாலங்காட்டுச் செப்பேட்டுச் செய்தியையே கதையின் சிகரமாக வைத்தார். கொலையில் முடியவேண்டிய கதை தியாகத்தில் முடிந்தது. சான்றில்லாத இடத்தில் தீர்ப்புக் கூறாமை கதைக்குக் குறையாகாது, அதுவே அதற்கு ஒரு பெருமிதத்தைத் தரும் என்பதை இதனால் அறிகின்றோம்.

இந்நீதியை அவர் எப்போதும் ஒரு தன்மையாகப் பேணினார் என நாம் புகழ்ந்துரைக்க வேண்டுவதில்லை. சிவகாமியின் சபதத்தில் புலிகேசி கொடுமையே உருவானவனாக வருகின்றான். மெய்யான புலிகேசியோ, ஹர்ஷவர்த்தனரை நருமதைக் கரையில் தடுத்து நிறுத்திய பேரரசன்; 634-ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டில் இரவிகீர்த்தி என்னும் சமணப் புலவரால் பாடப்பெற்றவன்; சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் மதிப்பைப் பெற்றவன். கன்னட நாட்டார் அவனைத் தம் பெருமையாகக் கொண்டாடுகின்றனர். காஞ்சியின் பக்கம் நின்று நோக்கிய ஆசிரியர், வாதாபியின் பக்கம் நின்று ஒருமுறை நோக்கியிருப்பின் நன்றாயிருந்திருக்கும். முந்தைய நூலில் நேர்ந்த இக்குறை பிந்தைய நூலில் இல்லை. சரித்திரக் கதையாசிரியனும் எழுதி எழுதியே நீதிமானாகின்றான் போலும்.

மற்றொரு குறையும் கூறுவர். நந்தினியும் சிவகாமியும் உண்மையில் வாழ்ந்தவரென்றே பலர் நம்பிவிட்டனர். கதை வரலாற்றை மூடிவிட்டது என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், கதையால் மயங்கியவருள் ஒரு பகுதியினர் கல்வெட்டுத் தொகுதிகளைத் தேடிச் சென்றதும், உடையார்குடிக்கு இன்றும் இளைஞர் யாத்திரையாகச் செல்வதும் அக்கதையால் விளைந்த நன்மைகளே. மயக்கத்தைத் தெளிவிப்பது கற்றோர் கடன்; அதனைக் கல்கியின் மேல் மட்டும் சுமத்துதல் தகாது.

பொன்னியின் செல்வன் முடிந்த அவ்வாண்டிலேயே, 1954 டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், காசநோயால் கல்கி சென்னையில் காலமானார். வயது 55. அமர தாரா என்னும் தொடர்கதை பாதியில் நின்றது. சரித்திரக் கதையல்லாத அலை ஓசைக்கு 1956-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு வழங்கப்பெற்றது. அதனைப் பெறுதற்கு அவர் இல்லை. 1999-இல், அவர் பிறந்த நூறாம் ஆண்டில், தமிழ்நாட்டு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிற்று. 2022-இலும் 2023-இலும் பொன்னியின் செல்வன் இரு பகுதிகளாகத் திரைப்படமாய் வந்து, தமிழறியாதாரையும் சோழர் பெயரைச் சொல்லவைத்தது.

இவ்வளவும் காவிரி நாட்டுக் கதைதானே, நம் நடுநாட்டுக்கு இதில் என்ன எனச் சிலர் வினவக்கூடும். கதையில் வரும் திருக்கோவலூர் மலையமான் நம் அண்டையூரார். சுந்தர சோழரின் தேவி வானவன்மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர். பால்மணம் மாறாத குழந்தையை விட்டுக் கணவனோடு அவர் தீப்புகுந்த செய்தி திருக்கோவலூர்க் கோயிற் கல்லில் உள்ளது. அங்கிருந்து திருவண்ணாமலை தொலைவன்று. மலையின் மறுபுறம், பெரிய கோயிலுக்கு நேர் பின்பக்கம், நாம் வாழும் அடி அண்ணாமலை இருக்கின்றது. ஆதி அண்ணாமலை என்றும் இதனை வழங்குவர். முழுநிலா நாள்தோறும் மலையைச் சுற்றும் சுமார் 14 கிலோமீட்டர்ப் பாதையில் இலட்சக்கணக்கானோர் எம் ஊர் வழியே நடந்து செல்கின்றனர். அவர்களுள், தாம் நடக்கும் இம்மண் ஒரு பேரரசின் தலைநகராய் இருந்ததை அறிந்தோர் சிலரே.

பதினான்காம் நூற்றாண்டில், துவாரசமுத்திரம் படையெழுச்சியால் அழிந்தபின், போசள வேந்தன் மூன்றாம் வீரவல்லாளன் திருவண்ணாமலையைத் தன் இருக்கையாகக் கொண்டான். பெரிய கோயிலின் வல்லாள கோபுரம் அவன் பெயர் தாங்கி நிற்கின்றது. முதுமையிலும் மதுரைச் சுல்தானோடு பொருது, 1342-ஐ ஒட்டிக் கண்ணனூர்ப் போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் எண்பது வயதைக் கடந்தவன் என இபின் பதூதா எழுதிவைத்தார். மக்களோ அவனை வேறு விதமாக நினைவில் வைத்தனர். பிள்ளையில்லாத அம்மன்னனுக்கு இறைவனே மகனாகி ஈமக்கடன் செய்வதாக நம்பி, மாசிமகத்தன்று திருவண்ணாமலைச் சுவாமியைப் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு இன்றும் எழுந்தருளச் செய்கின்றனர். நாம் வேறு சமயத்தினராயினும், தோற்று மாண்ட ஓர் அரசனைத் தலைமுறை தலைமுறையாகத் துக்கங்கொண்டாடும் ஊரின் அன்பு நம் நெஞ்சையும் நெகிழ்விக்கின்றது.

இதனைக் கதையாக எழுத விழையும் மாணவ நண்பர் எவரேனும் இக்கல்லூரியில் இருப்பின், அவர் கல்கியிடம் கற்கவேண்டியது குதிரைப் பாய்ச்சலை மட்டுமன்று. மதுரைச் சுல்தானின் கொடுமையை எழுதலாம், அதற்குச் சான்றுண்டு, அதனைக் குறித்துவைத்த இபின் பதூதாவும் ஒரு முஸ்லிமே. ஆனால், அப்பழியை இன்று நம்மோடு ஒரே பெஞ்சியில் அமர்ந்து பயிலும் முஸ்லிம் நண்பரின் தலைமேல் ஏற்றும் வகையில் எழுதுதல் அறமாகாது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வீசிய வாளை எடுத்து அண்டை வீட்டார்மேல் ஓச்சுவதற்கோ சரித்திரக் கதை? கல் கூறுவதைக் கூறுக. கல் கூறாத இடத்தில் கற்பனை புரிக. பழி சுமத்த ஆள் வேண்டுமாயின் அவனையும் கற்பனையிலேயே படைத்துக்கொள்க. விளக்கை அணைத்துவிட வேண்டிய இடமும் கதையில் உண்டு. அதனை அறிந்தமையே பள்ளியிறுதித் தேர்வும் எழுதாத அப்பெரியாரின் புலமை. அவ்வழியில் நம் கல்லூரியினின்றும் நல்ல சரித்திரக் கதையொன்று பிறப்பதாக.